வீட்டுக்கு ஒரு வேலை: சிறிய கிராமத்துக் கிறிஸ்தவச் சபையின் ஓராண்டை நடத்துவது எப்படி

சபைக் கமிட்டிக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கைக்கு முதலில் வந்து சேர்வது கோயில் (நம் பக்கத்தில் தேவாலயத்தை அப்படித்தான் சொல்வோம்) சாவிக்கொத்து. எந்தச் சாவி பீரோவுக்கு, எது மைக் அறைக்கு, எது உண்டியலுக்கு என்று பிடிபடுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். அதற்குள் ஒரு பண்டிகையும் வாசலில் வந்து நிற்கும். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டது இது. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சபைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். அறுபது எழுபது குடும்பங்கள், ஒரு சபை ஊழியர், பெரிய ஊரில் குடியிருக்கும் சேகர ஐயர், அதாவது பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் குருவானவர். ஐயருக்கு இப்படிப் பல சபைகள் இருப்பதால் மாதத்தில் ஓரிரு ஞாயிறுதான் உங்கள் ஊருக்கு வர முடியும். மற்ற நாட்களில் சபையைத் தாங்குவது சபையார்தான்.

சிறிய சபைகள் சோர்ந்துபோவதற்குப் பணக்குறையைக் காரணமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது காரணமல்ல. நான்கு வீட்டார் எல்லா வேலையையும் செய்கிறார்கள், மற்ற அறுபது வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். நான்கு வீட்டாரும் ஐந்தாம் வருஷம் களைத்துப்போவார்கள், அல்லது கோயிலைத் தங்கள் சொத்தாக நினைக்கத் தொடங்குவார்கள். இரண்டும் சபைக்குக் கேடு. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு ஏற்பாட்டின் மேல் நிற்கிறது: வருஷத்தில் ஒரு முறையாவது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை இருக்க வேண்டும்.

முதல் வாரம்: வீட்டு நோட்டு

200 பக்க நீள நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே குடும்பத் தலைவர் பெயர், வீட்டில் உள்ளவர்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள். அடுத்து ஞானஸ்நானம், திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் தம் விசுவாசத்தை உறுதிசெய்வது), திருமணம் இவற்றின் தேதிகள், பிறகு நடக்க முடியாத முதியவர் இருக்கிறாரா என்ற குறிப்பு. கீழ்ப்பாதியை காலியாக விடுங்கள். அந்த வீட்டுக்கு இந்த வருஷம் என்ன வேலை கொடுத்தோம் என்று எழுத வேண்டிய இடம் அது.

விவரம் சேர்க்க வீடு வீடாகப் போங்கள். ஆராதனை முடிந்து வாசலில் நின்று கேட்டால் கோயிலுக்கு வருகிறவர்கள் விவரம் மட்டும்தான் கிடைக்கும். வராதவர்கள் வீட்டைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். போகும்போது காணிக்கை ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் போகாதீர்கள். முதல் சந்திப்பிலேயே சங்கக் காணிக்கை (சபைக்குக் கட்டும் சந்தா) பாக்கியைக் கேட்டால், அடுத்த முறை உங்களைத் தெருமுனையில் பார்த்ததும் கதவு சாத்தப்படும்.

இரண்டாம் வாரம்: தேதிகளைப் பின்னிருந்து எண்ணுங்கள்

சபையின் வருஷம் ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காம் ஞாயிறாகிய அட்வெந்து முதல் ஞாயிறுதான் அதன் தலைவாசல். கிறிஸ்துமஸ் தேதி மாறாது. ஈஸ்டர் மாறும், அதோடு கட்டப்பட்ட நாட்கள் எல்லாம் சேர்ந்து நகரும். ஈஸ்டரிலிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் சாம்பல் புதன். அன்று தொடங்கும் லெந்து என்ற தவக்காலத்துக்கு 40 நாள் என்பது இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைச் சேர்க்காத கணக்கு. ஈஸ்டர் ஞாயிறையும் சேர்த்து முன்னால் எண்ணினால் 50ஆம் நாள் பெந்தெகொஸ்தே, அதற்கடுத்த ஞாயிறு திரித்துவ ஞாயிறு.

2027இல் ஈஸ்டர் மார்ச் 28, சாம்பல் புதன் பிப்ரவரி 10. 2028இல் ஈஸ்டர் ஏப்ரல் 16, சாம்பல் புதன் மார்ச் 1. ஈஸ்டர் மார்ச்சில் விழும் வருஷம் பொதுத்தேர்வுப் பிள்ளைகள் பாடகர் குழுவில் இருக்க மாட்டார்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். பாடல்களைப் பெரியவர்களுக்குத் தெரிந்த கீர்த்தனைகளாகத் தேர்ந்துகொண்டால் கடைசி வாரத்தில் திண்டாட வேண்டாம்.

பிறகு ஐயரிடம் போய், அப்பமும் திராட்சைரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனை நாட்கள், ஞானஸ்நான நாட்கள், பேராயர் வரும் திடப்படுத்தல் ஆராதனை இவற்றைக் கேட்டுக் குறியுங்கள். சி.எஸ்.ஐ. உருவான செப்டம்பர் 27ஐயும் குறியுங்கள். 1947இல் சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் அந்த ஐக்கியம் ஏற்பட்டது. எல்லாவற்றையும் ஒரே பெரிய தாளில் எழுதிக் கோயில் உள்வாசலில் ஒட்டிவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டால் வயதானவர்களுக்குச் செய்தி சேராது.

ஞாயிறு காலை

ஆராதனைக்கு அரை மணி முன்னால் முதல் மணி, தொடங்கும்போது இரண்டாம் மணி. கூட்டம் சேரட்டும் என்று இரண்டாம் மணியைப் பத்து நிமிடம் தள்ளினால், அடுத்த மாதம் எல்லோரும் இருபது நிமிடம் தாமதமாக வருவார்கள். ஐந்து பேர் இருந்தாலும் நேரத்துக்கு அடியுங்கள்.

வேதபாடம் வாசிப்பவர்கள் பட்டியலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள். ஞாயிறுக்கு இரண்டு வேதபாடம் என்றால் மூன்று மாதத்தில் 26 பேருக்கு வாய்ப்பு. வாசிப்பவருக்குப் புதன்கிழமையே பகுதியைச் சொல்லிவிடுங்கள். பழைய ஏற்பாட்டுப் பெயர்களில் நாக்கு தடுமாறி ஒருமுறை வெட்கப்பட்டவர் மறுபடி எழுந்து வாசிக்க மாட்டார். சனிக்கிழமை சபை ஊழியர் முன்னால் ஒரு முறை சத்தமாக வாசித்துப் பார்த்தால் போதும்.

திருவிருந்துக்கு ஆளுக்கு 5 மில்லி என்று கணக்கிட்டால் 100 பேருக்கு அரை லிட்டர் திராட்சைரசம் வேண்டும். அப்பம் எண்ணிக்கையைப் பத்து அதிகமாக வையுங்கள். பாதியில் தீர்ந்து ஐயர் மறுபடி பிரதிஷ்டை ஜெபம் செய்ய வேண்டிவந்தால் வரிசையில் முழங்கால்படியிட்டிருக்கும் முதியவர்கள் தவித்துப்போவார்கள். மீதியை என்ன செய்வது என்பதை ஐயர்தான் சொல்ல வேண்டும். நீங்களாகச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். கோயிலுக்கு வர முடியாதவர்களின் பட்டியலை வீட்டு நோட்டிலிருந்து எடுத்து அன்றே ஐயர் கையில் கொடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் மூன்று நான்கு வீடுகளுக்குத் திருவிருந்து கொடுத்துவிடலாம்.

காணிக்கையை இரண்டு பேர் எண்ண வேண்டும். அவர்கள் ஒரே குடும்பத்தாராக இருக்கக் கூடாது. எண்ணிய இடத்திலேயே பதிவேட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணுவது எவ்வளவு நேர்மையானவருக்கும் கெட்ட பெயர் வாங்கித் தரும். உண்டியலுக்கு இரண்டு பூட்டு போட்டு, சாவிகளை இரண்டு பேரிடம் கொடுங்கள்.

கைப்பிடி அரிசி

வருஷம் முழுவதும் சத்தமில்லாமல் நடப்பது இது. சபையின் மிக அழகான காணிக்கையும் இதுதான் என்று சொல்வோம். சோறு பொங்க அரிசி அளக்கும்போது வீட்டம்மா ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுகிறார். ஒரு கைப்பிடி என்பது 40 முதல் 50 கிராம். நாளைக்கு ஒன்று என்றால் மாதத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. நாற்பது வீட்டார் தொடர்ந்து செய்தால் மாதம் ஒரு மூட்டை. காசு கொடுக்க முடியாத வீட்டிலிருந்தும் காணிக்கை வருகிறது. கொடுப்பவருக்கும் அன்றாட அடுப்படி வேலை ஜெபமாகிறது.

இதைப் பெண்கள் ஐக்கியத்தின் பொறுப்பில் விடுங்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை இரண்டு பேர் துணிப்பையோடு போய் வாங்கி வர வேண்டும். வருகிற அரிசியைப் புழுங்கல், பச்சை, ரேஷன் என்று மூன்று சாக்கில் தனித்தனியாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் ஒன்று குழையும்போது மற்றொன்று வேகாமல் நிற்கும், வாங்குகிறவர் முகம் சுளிப்பார். காய்ந்த வேப்பிலையும் பத்துப் பதினைந்து வற்றல் மிளகாயும் போட்டு வைத்தால் வண்டு குறையும். இரண்டு மாதத்துக்கு மேல் தேக்காதீர்கள்.

அரிசியை யாருக்குக் கொடுப்பது? ஊரில் தனியாக இருக்கும் விதவைகள், படுக்கையில் கிடப்பவர்கள் இருக்கும் வீடுகள். சபையார் மட்டும்தான் என்று கோடு போடாதீர்கள். கோயிலில் பேர் சொல்லி அழைத்துக் கொடுக்கவும் வேண்டாம். சாயங்காலம் இருட்டிய பிறகு வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். சில சபைகள் அரிசியை விற்று மிஷனெரிப் பணிக்கு அனுப்புகின்றன. அதற்கும் இந்த மண்ணில் வேர் இருக்கிறது: 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள்.

லெந்து முதல் ஈஸ்டர் வரை

சாம்பல் பூசும் வழக்கமுள்ள சபையானால், போன வருஷக் குருத்தோலைகளைச் சேகரித்து எரித்துத் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். அதைத் தண்ணீரில் குழைக்காதீர்கள். ஓலைச் சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரமாகி நெற்றித் தோலைப் பொத்துவிடும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

லெந்து நாட்களில் வீட்டு ஜெபக்கூட்டங்கள் நடத்துவது நம் பக்கத்து வழக்கம். ஞாயிறு தவிர்த்து 40 மாலைகள் கிடைக்கின்றன. ஜெபம் 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். காப்பி, சுண்டல் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே எல்லா வீட்டுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் கேசரியும் வடையும் கொடுத்துவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் கடன் வாங்கியாவது செய்வார், அல்லது எங்கள் வீட்டுக்குக் கூட்டம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்வார்.

குருத்தோலை ஞாயிறுக்குப் பனங்குருத்துதான் சிறப்பு. பங்குனியில் பதனீர் இறக்கும் பருவம் தொடங்கிவிடும். பாளை சீவுகிற மரத்தில் குருத்து வெட்டப் பனையேறிகள் சம்மதிக்க மாட்டார்கள், அது நியாயமும்கூட. தரையில் நின்றபடியே எட்டும் வடலிகளில் (இளம் பனைகளில்) எடுங்கள். பனைக்குக் கிளை கிடையாது, வளரும் நுனி ஒன்றே ஒன்று. ஆகவே விரியாத குருத்தோலையை மட்டும் மேலாக அறுக்க வேண்டும், அரிவாள் அடிக்குருத்தில் இறங்கிவிட்டால் மரமே பட்டுப்போகும். ஒரு வடலியில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மூடிய விசிறிபோல் வெளிர் மஞ்சளாக இருக்கும் குருத்தை விரித்தால் மடிப்பு மடிப்பாக ஓலைகள். ஓரத்து ஓலைகள் குட்டை, கைக்கு உதவாது. ஒரு குருத்துக்கு நாற்பது நல்ல ஓலை என்று வையுங்கள். 250 பேர் கூடும் சபைக்கு ஏழு குருத்து, வீணாவதற்கு ஒன்று சேர்த்து எட்டு. சனிக்கிழமை மாலை வெயில் தாழ்ந்த பிறகு வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையிலேயே வெட்டினால் ஞாயிறன்று முனை சுருண்டு நிற்கும். இரவு ஓய்வுநாள் பள்ளிப் (ஞாயிறு வேதபாட வகுப்பு) பிள்ளைகளை உட்காரவைத்து ஈர்க்கை நீக்கிச் சிலுவை கட்டச் சொல்லுங்கள். நீள ஓலையை நடுவில் மடித்து மேலே ஒரு கண்ணி விட வேண்டும். குட்டை ஓலையை அந்தக் கண்ணிக்குள் குறுக்கே நுழைத்து, நீள ஓலையின் ஒரு வாலைப் பின்பக்கமாகச் சுற்றி இறுக்கினால் சிலுவை நிற்கும். முதல் மூன்று கோணலாக வரும், நாலாவது நேராக வந்துவிடும். பவனியைக் காலை ஏழு மணிக்கே தெருவில் இறக்குங்கள். எட்டரைக்கு மேல் தார் ரோடு பிள்ளைகள் காலைச் சுடும்.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை 12 முதல் 3 வரை. சிலுவையில் அருளிய ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர். ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 140, ஒவ்வொன்றுக்கும் பின் பாட்டும் ஜெபமும் ஐந்து நிமிடம் என்றால் 35, ஆக 175 நிமிடம். கணக்கில் மீதி ஐந்தே நிமிடம். ஆனால் முதல் வார்த்தைக்காரர் 35 நிமிடம் எடுத்துக்கொள்வார், ஏழாம் வார்த்தைக்கு வருகிற பாவப்பட்டவருக்கு ஐந்து நிமிடம் மிஞ்சும். 18ஆம் நிமிடத்தில் சிறு மணி அடிக்க ஒருவரை வையுங்கள், பேசுபவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். ஏழு பேரில் இரண்டு பேராவது பெண்களாகவும் ஒருவர் வாலிபராகவும் இருக்கட்டும். உபவாசமாக வருகிற வயதானவர்கள் உச்சி வெயிலில் மயங்குவார்கள். வாசலில் மண்பானைத் தண்ணீரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் இருக்கட்டும்.

ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் எல்லோரும் தவறுவது ஒலிபெருக்கியில். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே கேட்கும் ஒலிபெருக்கி கூடாது. நான்கரை மணி ஆராதனைக்குக் கோபுரத்துக் குழாய்களின் இணைப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பெட்டி ஸ்பீக்கரை மட்டும் போடுங்கள். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். பக்கத்துத் தெருவில் கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்த ஒரு தாய்க்கு நம் உயிர்ப்பின் செய்தி எரிச்சலாகப் போய்ச் சேரக் கூடாது.

மே மாதம்

விடுமுறை வேதாகமப் பள்ளியைப் பள்ளி லீவு விட்ட முதல் வாரத்திலேயே வைத்துவிடுங்கள். பிறகென்றால் பிள்ளைகள் ஆச்சி வீட்டுக்குப் போய்விடுவார்கள். காலை எட்டரை முதல் பதினொன்றரை வரை, அதற்கு மேல் ஓட்டுக்கூரைக்குக் கீழும் உட்கார முடியாது. பன்னிரண்டு பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். வேறு வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் பெற்றோரைப் பார்த்து, என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே சேருங்கள்.

அறுப்பின் பண்டிகையும் ஏலமும்

விளைச்சலின் முதற்பலனைக் கோயிலுக்குக் கொண்டுவரும் நாள். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி, நெல், சேவல், முட்டை, வீட்டில் சுட்ட முறுக்கு. ஆராதனையில் படைத்து, பிறகு மரத்தடியில் ஏலம். பார்க்கச் சந்தைபோல் இருக்கும், ஆனால் இதுவும் ஆராதனையின் தொடர்ச்சி. ஏலம் கூறுபவர் அதை மறக்கக் கூடாது.

பொருள் உள்ளே வரும்போதே எண் எழுதிய சீட்டைக் கட்டிவிடுங்கள். ஒரு நோட்டில் ஐந்து கட்டம்: எண், பொருள், எடுத்தவர், தொகை, செலுத்தியது. எழுத இரண்டு பேர், ஒருவர் எழுதுவதை மற்றவர் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். விலையைக் கடைவிலையில் பாதியில் தொடங்குங்கள். கூட்டம் சேரும்வரை சிறுபொருள்கள், கூட்டம் நிறைந்ததும் சேவலும் வாழைத்தாரும், கடைசியில் தானியம். கால் கட்டிய சேவல்களை வெயிலில் போடாதீர்கள். நிழலும் ஒரு சிரட்டைத் தண்ணீரும் அவற்றுக்கும் வேண்டும். எடுத்தவரே பொருளைத் திரும்பக் கோயிலுக்குக் கொடுத்து மறு ஏலம் விடுவது நல்ல வழக்கம், ஆனால் ஒரே பொருளை மூன்று தடவைக்கு மேல் சுற்றவிட்டால் கூட்டம் சலித்துவிடும்.

இரண்டு வீட்டார் வீம்புக்கு விலையை ஏற்றிக்கொண்டே போவது உண்டு. முப்பது ரூபாய்த் தேங்காய் மூவாயிரத்தில் நிற்கும்போது பார்ப்பவர்களுக்கு உற்சாகமாக இருக்கும், அடுத்த நாள் அந்த வீடுகளில் சண்டை நடக்கும். ஏலம் கூறுபவர் அந்த நேரத்தில் குரலைத் தாழ்த்தி மூன்று எண்ணி முடித்துவிட வேண்டும். கடனுக்கு எடுத்தவர்கள் அடுத்த ஞாயிறுக்குள் கட்ட வேண்டும் என்பது பொது விதி. கட்டாதவர் பெயரைக் கோயிலில் வாசிக்காதீர்கள். அப்படி வாசித்துப் பணம் வந்திருக்கலாம், அந்த வீட்டார் கோயிலுக்கு வருவது நின்றும் போயிருக்கும். பொருளாளர் மட்டும் தனியாக வீட்டுக்குப் போய்ப் பேசட்டும்.

இன்னொன்று. ஒரு வயதான அம்மா முந்தானையில் முடிந்து ஒரே ஒரு கோழிமுட்டை கொண்டுவருவார். அதை மற்ற முட்டைகளோடு தட்டில் சேர்த்து மொத்தமாக ஏலம் விட்டுவிடாதீர்கள். அதற்கும் ஒரு எண், அதற்கும் ஒரு கூவல். அந்த முட்டை உயர்ந்து நிற்கிற அந்த அரை நிமிடத்தில் அந்த அம்மா முகத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனமும்

கோயில் பிரதிஷ்டை செய்யப்பட்ட நாளையொட்டி ஆராதனையும் அசனமும் நடக்கும். சாதி, மதம் பாராமல் ஊர் முழுவதும் ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே சோறு உண்பதுதான் அசனம். நெல்லைச் சீமைச் சபைகளுக்கு இதைவிடப் பெரிய சாட்சி இல்லை என்பது எங்கள் எண்ணம். அதனால்தான் இதில் சிறு தவறும் பெரிதாகப் பேசப்படும்.

500 பேருக்கான கணக்கு: அரிசி 60 கிலோ, எலும்போடு ஆட்டுக்கறி 50 கிலோ, குழம்பில் சேர்க்கக் கத்தரிக்காயும் உருளைக்கிழங்குமாக 25 கிலோ, தேங்காய் 40, சின்ன வெங்காயம் 10 கிலோ. மசாலா அளவைச் சமையல்காரர் சொல்லட்டும், அதில் நீங்கள் தலையிட வேண்டாம். இலை 550. தண்ணீர் 2,000 லிட்டர், குடிக்கத் தனியாகக் கேன்கள். கறி சாப்பிடாதவர்களுக்கென ஒரு பருப்புக் குழம்பைத் தனி அடுப்பில் தனிக் கரண்டியோடு வையுங்கள்.

நேரம்தான் உயிர். பன்னிரண்டு மணிப் பந்திக்கு ஆடு அறுப்பது அதிகாலை மூன்றரை. முந்தின நாள் மாலையே அறுத்து ஐஸ் இல்லாமல் அண்டாவில் வைத்தால் காலைக்குள் கெட ஆரம்பித்துவிடும், மசாலா வாசனையில் அது தெரியாது. ஊருக்கே வயிற்றுப்போக்கு வந்தால் இருபது வருஷம் சொல்லிக்காட்டுவார்கள். சோற்றை ஓர் அண்டாவுக்கு 20 கிலோவாக மூன்று ஈடு வடியுங்கள். வெள்ளை வேட்டி விரித்த ஓலைப்பாயில் கொட்டும்போது முழங்கால் உயரத்துக்கு மேல் குவிக்காதீர்கள், அடிச்சோறு வேர்த்துக் குழைந்துவிடும். ஒவ்வோர் ஈட்டுக்கும் இடையில் முக்கால் மணி இருந்தால் கடைசிப் பந்திக்கும் சூடான சோறு கிடைக்கும். அடுப்பருகே இரண்டு வாளி மணல் இருக்கட்டும், பிள்ளைகள் அந்தப் பக்கம் வராதபடி கயிறு கட்டுங்கள்.

பந்திக்கு 100 பேர், 25 நிமிடம், ஐந்து பந்தி. முதல் பந்தியில் முதியவர்கள், பிள்ளைகள், கைகால் முடியாதவர்கள், வெளியூர் விருந்தாளிகள். கமிட்டிக்காரர்களும் நன்கொடையாளர்களும் கடைசிப் பந்தி. நன்கொடையாளருக்குத் தனி அறையில் நாற்காலி போட்டு எலும்பில்லாத கறி வைக்கும் வழக்கம் எங்காவது நுழைந்திருந்தால் அதை இந்த வருஷமே நிறுத்துங்கள். அது நடந்தால் மற்றதெல்லாம் அன்னதானம் ஆகிவிடும், அசனம் ஆகாது. யார் பரிமாறுவது என்பதிலும் கவனம் வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்து வாளி தூக்கட்டும். இங்கேதான் வீட்டு நோட்டைத் திறந்து, இதுவரை எந்த வேலையும் வராத வீடுகளைத் தேடிப்பிடிக்க வேண்டும். வெங்காயம் உரிக்கவே முப்பது கை வேண்டும்.

ஊருக்குச் செய்யும் பணி

வருஷத்துக்கு ஒரு முகாமை ஒழுங்காக நடத்துங்கள், மூன்றை அரைகுறையாக நடத்த வேண்டாம். தொடங்குவதற்குக் கண் முகாம் நல்லது. இரண்டு மாதம் முன்னால் மருத்துவமனையில் எழுதிக்கொடுத்துத் தேதி வாங்குங்கள். பார்வை அட்டையிலிருந்து நோயாளி உட்காரும் இடம்வரை 6 மீட்டர் வேண்டும், ஆகவே கோயிலுக்குள் நடுவில் உள்ள நடைவழி வசதி. இருட்டாக்கக்கூடிய ஒரு சிறு அறையும் கேட்பார்கள். அறுவைச் சிகிச்சைக்குத் தேர்வானவர்கள் அன்றே பேருந்தில் ஏற வேண்டியிருக்கலாம். மாற்றுத்துணி, ஆதார் அட்டை, தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு கொண்டுவரும்படி நோட்டீஸிலேயே அச்சடியுங்கள். இதைச் சொல்லாமல் விட்ட முகாம்களில்தான் பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். போய்வந்தவரை ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள், சொட்டு மருந்து விடுவதற்கு வீட்டில் ஆள் இல்லாதிருக்கலாம்.

முகாமில் பிரசங்கம் வேண்டாம், கைப்பிரதியும் வேண்டாம். மருந்துக்கும் சோற்றுக்கும் விசுவாசத்தை விலையாக வைக்கக் கூடாது. ஏன் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அப்போது சொல்லுங்கள்.

மழைக்காலத்துக்கு முன் கோயில் ஒரு தங்குமிடமாகத் தயாராக இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். அக்டோபரிலேயே கூரை ஓடுகளைப் பாருங்கள். பத்துப் பாய், ஒரு காஸ் அடுப்பு, நான்கு எமர்ஜென்சி விளக்கு எடுத்து வையுங்கள். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஆளுயரத் தட்டுக்கு மாற்றுங்கள். அவை நனைந்து போனால் ஒரு ஊரின் நினைவே அழிந்ததுபோல. ஒவ்வொரு பக்கத்தையும் போன் கேமராவில் படமெடுத்து இரண்டு பேரிடம் வைத்திருப்பதும் நல்லது.

அட்வெந்து, கிறிஸ்துமஸ், வருஷக் கடைசி

வெள்ளையடிப்பதை நவம்பர் நடுவில் மழை விடும் நாளில் முடித்துவிடுங்கள். ஸ்டார் விளக்கின் வயர்களைப் பழைய இன்சுலேஷன் டேப்பை நம்பி மழையில் விடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கீத பவனிக்குத்தான் கணக்கு வேண்டும். ஒரு வீட்டில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஐந்து நிமிடம். நடக்க இரண்டு நிமிடம். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதே முக்காலுக்கு முடித்தால் ஓர் இரவில் 27 வீடு. 64 வீட்டுக்கு மூன்று இரவு, மூன்றாம் இரவில் மீதி வீடுகளும் தோட்டத்து வீடுகளும் அழைக்கிற அயலார் வீடுகளும். காப்பிக்கு இரவுக்கு மூன்று வீடு மட்டும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும் காப்பியும் என்று ஆரம்பித்தால் கடைசித் தெருவுக்குப் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேருவீர்கள். தொண்டை கட்டிய குரலும் கிழிந்த டிரம்மும்தான் அவர்களுக்கு மிஞ்சும். போன வருஷம் கடைசியாகப் போன தெருவில் இந்த வருஷம் தொடங்குங்கள். துக்க வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். வாசலில் டிரம்மை நிறுத்தி, கிறிஸ்துமஸ் தாத்தா வேடக்காரரைத் தெருவிலேயே நிற்கவைத்து, நாலைந்து பேர் மட்டும் உள்ளே போய் மெல்ல ஒரு பாமாலை பாடி ஜெபித்துவிட்டு வாருங்கள். அந்த வருஷம் அந்த வீட்டுக்கு வேறெதையும்விட அது தேவைப்படும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கும் பத்து மணி ஒலிபெருக்கி விதி உண்டு. அரசு சில பண்டிகை நாட்களுக்கு நள்ளிரவு வரை தளர்வு தருவதுண்டு, அந்த வருஷத்து அறிவிப்பைக் காவல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புது வருஷத்துக்கென ஒரு வேத வசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளை வீட்டு நோட்டிலுள்ள பெயர் எண்ணிக்கைக்கு மேல் இருபது அதிகமாக அச்சடியுங்கள். அன்று வராதவர்களின் அட்டைகளைப் பீரோவில் போட்டுப் பூட்டாமல், ஜனவரி முதல் வாரத்துக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அப்படிப் போகும்போது வீட்டு நோட்டும் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பக்கத்தின் கீழ்ப்பாதியையும் பாருங்கள். எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ அந்த வீட்டில் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்து பேசி, வருகிற லெந்தில் முதல் ஜெபக்கூட்டத்தை உங்கள் வீட்டில் வைக்கலாமா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.